நோய் வராதவர்களின் கணக்கு

மார்ச் 12, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். துக்க வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று காலரா கண்டவர்களிடம் மட்டும் கேட்டேன். நோய் வராதவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

நாட்குறிப்பில் 'சிறு' என்ற சொல்லை உலெமு அடித்தான். வேறு சொல் கிடைக்காமல் மறுபடி அதையே எழுதினான்.

அந்த ஏரிக்கரை ஊரின் சுகாதாரத் தொண்டன் அவன். அன்று காலை ஊர்க்கூட்டத்தில், "படுத்தவங்க அத்தனை பேரும் நாமலுங்கா அக்கா கருவாட்டத் தின்னிருக்காங்க" என்று அவன் முடிப்பதற்குள் கூட்டம் எழுந்துவிட்டது. மதியத்துக்குள் அவள் மீன் காயப்போடும் பரண்கள் எரிந்து கரியாயின.

மாலையில், சுகாதாரத் தொண்டர்களுக்கான வகுப்பில் ஆசிரியர் பலகையில் நான்கு கட்டம் போட்டார். தின்று படுத்தவர், தின்றும் படுக்காதவர், தின்னாமல் படுத்தவர், தின்னாமலே நன்றாக இருப்பவர். "நாலும் நிரம்பாம எதுமேலயும் பழி போடாதீங்க" என்றார். உலெமு நிரப்பியிருந்தது முதல் கட்டத்தை மட்டும்.

மறுநாள் விடிந்ததும் கிணற்றடியில் கேட்டான்.

"கருவாடா? எல்லாருந்தான் தின்னோம். வேற என்னத்தப் போட்டாங்க?" என்றாள் ஒருத்தி.

"தொப்வா குடிச்சீங்களா?"

"அந்தக் கூழு பெரிய மனுசங்க உக்காந்த பாய்க்கில்ல போச்சு! நமக்கு வாசனதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் நோயில்லை. படுத்தவர்களின் வீடுகளுக்கு மறுபடி போனான். அவர்கள் எல்லோரும் குடித்திருந்தார்கள். கூழ் காய்ச்சியது ஊர்த்தலைவர் கபாண்டாவின் மனைவி. கெட்டியாகிவிட்டதென்று ஏரித் தண்ணீரைக் காய்ச்சாமல் அப்படியே ஊற்றிக் கலக்கியிருக்கிறாள்.

உலெமு அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னதும் கபாண்டா பல் குத்திக்கொண்டே கேட்டார். "நேத்து கருவாடு, இன்னிக்கு எம்பொண்டாட்டி. நாளைக்குப் பொணமே பரிமாறுச்சும்பியா தம்பி?"

"நேத்து நான் சொன்னது தப்புங்கய்யா. கூட்டத்துல நானே சொல்லிடறேன்."

"சொல்லேன். இனிமே உன்ன எவன் நம்புவான்?"

வெளியே நாமலுங்காவின் அலறல் கேட்டது. துக்க வீட்டில் பானை கழுவப் போன அவள் மகள் தியாமிகேவுக்கு அடியில் கிடந்த கூழைக் கொடுத்திருந்தார்கள். இப்போது கண் செருகிக் கிடந்தாள். வாடகைச் சைக்கிள்காரன் பின்னிருக்கையைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"கருவாட்டுக்காரி மகள ஏத்துனா நாளைக்கு எவன் என் வண்டில உக்காருவான்? உலெமு அண்ணன்தானே சொன்னாரு, அவரே தூக்கட்டும்."

உலெமுவும் தாயும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆஸ்பத்திரிக் கூரை கண்ணில் பட்டபோது பிள்ளையின் கை தொங்கிவிட்டது. "நீ படிச்சவன்னு நெனச்சேன்" என்றாள் நாமலுங்கா. வழி நெடுக அவள் பேசியது அவ்வளவுதான்.

பிணத்தோடு திரும்பியபோது நாமலுங்காவின் வாசலில் பெரிய பானை ஒன்று மூடி வைக்கப்பட்டிருந்தது. அருகில் தலைவரின் மனைவி நின்றாள். "சாவு வீட்டுல பகை எதுக்கு? நாளைக்கு அடக்கத்துக்கு வர்றவங்களுக்குத் தொப்வா கொண்டாந்திருக்கேன். இந்தத் தடவ எல்லாருக்கும் போதும்" என்றாள்.

உலெமு வாயைத் திறந்தான். "நீ ஒண்ணும் பேசாத" என்று வாசலில் கூடியிருந்த கூட்டம் அதட்டியது.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. நாட்குறிப்பில் எழுதினான்:

நாளை: அடக்கத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே போய் அந்தப் பானையைக் கவிழ்க்க வேண்டும்.