கைநாட்டுக் கணக்கு

நடராசன் பணம் எடுக்கும் படிவத்தைத் தாயின் முன்னால் வீசினான். காலையில் தம்பி மனைவி ஜெயசுதாவின் பெருவிரலை மையில் அழுத்தி அவன் வாங்கிய ரேகை, அதில் நீலமாக அப்பியிருந்தது.

"பேங்க்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்கம்மா. கைநாட்டுக் கணக்குன்னா ஆளே நேர்ல வந்து வைக்கணுமாம்."

முத்தாயி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். "தாலியறுத்து ஆறு மாசம் ஆவல. வருசம் திரும்பாம வாசப்படி தாண்டுறதாடா?"

அடுப்படியில் நின்ற ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாக வந்தவள் அவள். நூறுநாள் வேலைக் கூலிக்காக ஊரில் முகாம் போட்டுக் கணக்குத் தொடங்கிய அன்று, "எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்குக் கையெழுத்துப் பழக்கமில்லைங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைக்கச் செய்தவன் இதே நடராசன்தான். கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் காசும் கேட்பாளே! கட்டிய புருசனும் அண்ணனுக்கு முன்னால் வாயைத் திறக்கவில்லை. அவளும் வைத்துத் தொலைத்தாள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

சுண்ணாம்புக்கல் லாரி மோதிச் செத்த அந்தப் புருசனின் காப்பீட்டுப் பணம் இப்போது அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. நடராசனுக்கு அதில் டிராக்டர் வாங்க வேண்டும். ஜெயசுதாவுக்கு மகள் பானுப்ரியாவைப் பெரம்பலூரில் நர்சிங் சேர்க்க வேண்டும். இன்றுதான் கடைசி நாள். நானே போய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று போன வாரம் கேட்டதற்கு, "முண்டச்சி முன்ன நின்னா புள்ள படிப்பு விளங்குமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவள் முத்தாயி.

பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும், சாத்திரம் திறக்காதா? தாயும் மகனும் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள்.

"முக்காடு போட்டு கொல்லப்பக்கமா கூட்டிட்டுப் போ. யாரு எதுக்கயும் வந்துடாம பாத்துக்க," என்றாள் முத்தாயி.

ஜெயசுதா முகம் கழுவினாள். மகளிடம் காதோடு ஒரு வார்த்தை சொன்னாள். ஆதாரையும் இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கினாள். தலையில் முக்காடு இல்லை. பால்காரர் எதிரே வந்தார். அவர் வண்டி ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

ஆண்டிமடத்து வங்கியில் கவுன்ட்டர் அம்மா மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், இத கையெழுத்துக் கணக்கா மாத்தணும். அதுக்கு எந்த ஃபாரங்க?" என்றாள் ஜெயசுதா.

"அவளுக்கு எழுதத் தெரியாதுங்க," என்று நடராசன் குறுக்கே விழுந்தான்.

"எழுதிக் காட்டட்டுமே சார்," என்று கவுன்ட்டர் அம்மா ஒரு படிவத்தை நீட்டினார்.

ஜெயசுதா ஒருவரையும் கேட்காமல் அதை நிரப்பினாள். போன் நம்பர் என்ற இடத்தில், இத்தனை வருடம் இருந்த நடராசன் நம்பருக்குப் பதில் தன் நம்பர். வாரிசுதாரர் என்ற இடத்தில் பானுப்ரியா.

"பழைய ரேகையோட ஒத்துப் பாக்கணும். கடைசியா ஒரு தடவ கைநாட்டு வைங்கம்மா."

வைத்தாள். மையை அழுந்தத் துடைத்தாள். பிறகு முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். மேனேஜர் ஒப்புதல் போட்டதும், அதே கையெழுத்தில் காலேஜுக்கு டிடி எடுத்தாள். நடராசன் கொண்டுவந்த படிவத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"வூட்டுக்கு வா, பேசிக்கிறேன்," என்று பல்லைக் கடித்தான் அவன்.

"நீங்க போங்க மாமா. பானு சர்டிபிகேட்டோட பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. நாங்க பெரம்பலூர் போயிட்டு வரோம்."

"அம்மா என்ன சொல்லும் தெரியுமா?"

"வாசப்படி தாண்டலாம்னு அத்தைதானே சொன்னாங்க. தாண்டிட்டேன்."