இருபத்திரண்டாவது நிமிடம்

"நீங்க வெட்டுனது முன்பக்கமுங்க," என்றாள் ஜெயசுதா.

வாசலில் நான்கு பேர் பழைய சேலைகளை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். அந்த மறைப்புக்குள் பெஞ்சின் மேல் குளிப்பாட்டி முடித்த தங்கவேலு கிடந்தார். விறைத்த கைகள் பனியனுக்குள் நுழையாது என்று அவருடைய தம்பி வேல்குமார் புதுப் பனியன் ஒன்றைக் கழுத்திலிருந்து கீழ்வரை கத்தரித்து, நெஞ்சின் மேல் போட்டு, இரண்டு கைகளையும் எப்படியோ நுழைத்திருந்தான். முதுகுப் பக்கம் வெட்ட வேண்டியதை அவசரத்தில் முன்பக்கம் வெட்டிவிட்டான்.

"என்னங்க நங்கையா?" என்றான் வேல்குமார். அண்ணன் மனைவி என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

"முதுகுப் பக்கம் நெஞ்சுல கெடக்குதுங்க. இடுப்புத் தையல்ல இருக்கற லேபிளப் பாருங்க, சோத்தாங்கைப் பக்கம் வந்துருச்சு. போட்டுக்கறவங்களுக்கு எடது பக்கந்தான வரோணும்."

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு இதுதான். சேலையைப் பிடித்திருந்த ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். தங்கவேலுவின் அக்கா காளியாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு சாமி," என்றாள்.

ஜெயசுதா உள்ளே போய்ப் பீரோவிலிருந்து இன்னொரு வெள்ளைப் பனியனை எடுத்தாள். அந்த வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் வந்தாலும் வரும், பனியனுக்கு வராது. கட்டிலில் விரித்து, முதுகுப் பக்கம் மேலே வரும்படி திருப்பி, கழுத்துப் பட்டியின் நடுவிலிருந்து ஒரே கோடாக வெட்டினாள். கொண்டுபோய்க் கொடுத்ததும் வேல்குமார் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினான். லேபிள் இடது பக்கம் வந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

புருஷன் செத்த வீட்டில் இப்படி ஒரு பெண்ணா என்று பார்ப்பவர்கள் நினைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவளும் தங்கவேலுவும் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் எதிரெதிரே நின்றவர்கள். பனியனை விரிப்பது, தையல் பார்ப்பது, ஓட்டை, கறை, லேபிள் பார்ப்பது, பழுது இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவது. இருபத்தாறு வருஷமாக அதுதான் வேலை. அவருக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து வீட்டோடு இருந்த இந்த இரண்டு வருஷத்திலும் அவருடைய சட்டைப் பையில் ஒரு ஷீட் அம்பு ஸ்டிக்கர் இருந்துகொண்டே இருந்தது.

அதை எதில் ஒட்டுவது என்று கணக்கே கிடையாது. காலண்டரில் ஒட்டுவார். கருகிய தோசையில் ஒருமுறை ஒட்டி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக டிவியில் ஒட்டுவார். மகள் பூங்குழலி தன் கணக்கில் போட்டுக் கொடுத்த ஆப்பில் ஒரு துப்பறியும் தொடர் வந்தது. தமயந்தி என்று ஒரு பெண் இன்ஸ்பெக்டர். மலையூர் ஒன்றில் கொலைகளைக் கண்டுபிடிப்பாள். அவள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தங்கவேலு கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகம் வந்ததும் படத்தை நிறுத்தி, எழுந்து போய், திரையிலேயே அம்பை ஒட்டிவிடுவார். "பாரு ஜெயா, போன சீன்ல இந்தாளு வாட்ச்சு கட்டியிருக்கல," என்பார். பாதி நேரம் அது படம் எடுத்தவர்கள் விட்ட தப்பாக இருக்கும். மீதிப் பாதியில் அவர் சொன்னவன்தான் கொலைகாரன்.

முதல் சீசன் முடிந்தபோது தமயந்தி ஒரு லாட்ஜின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். கதவு திறப்பதற்குள் முடித்துவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று இரண்டு பேரும் பேசித் தீர்க்காத நாள் குறைவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது சீசனின் முதல் எபிசோடு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனிதர் சின்னப் பிள்ளையாகிவிட்டார்.

"நா கம்பெனிக்குப் போயிட்டு ஆறரைக்கு வந்துருவனுங்க. ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம். அதுக்குள்ள பாத்தீங்கன்னா பாருங்க," என்று அந்த வெள்ளிக்கிழமை காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே ஜெயசுதா சொன்னாள்.

"ஏம்புள்ள, நானென்ன திருட்டுத்தனமாவா பாப்பேன்? அந்த டிவியத் தொடச்சுட்டுப் போ, ஒரே தூசி."

அவள் ஈரத்துணியால் திரையைத் துடைத்தாள். பழைய அம்புகளின் பிசினை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போனாள்.

கம்பெனியில் வேலை நேரத்தில் செல்போனைக் கையில் வைத்திருக்கக் கூடாது. எல்லோருடைய போனும் சூப்பர்வைசர் மேஜையிலுள்ள அட்டைப்பெட்டிக்குள் சைலன்டில் கிடக்கும். ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்ததும் எடுத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து மூன்று மிஸ்டு கால். பன்னிரண்டு இருபத்து நாலுக்கு ஒன்று, இருபத்தைந்துக்கு ஒன்று, நாற்பத்து மூன்றுக்கு ஒன்று.

படம் வந்துவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். ஒரு வாரமாக இதே பாட்டு. காலையில் ஒரு கறை பீஸ் தப்பிப் போய்விட்டதென்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தான். அந்த எரிச்சல் வேறு. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்றிருந்தாள். பிறகு டீ டைமில் கூப்பிடலாம் என்றிருந்தாள். கூப்பிடவில்லை.

ஆறரைக்குத் தங்கள் வீடு இருந்த ராயபுரத்துச் சந்துக்குள் நுழைந்து கதவைத் தள்ளியபோது அவர் பிளாஸ்டிக் சேரில் சாய்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. அதற்குப் பிறகு யார் யார் வந்தார்கள், யார் டிவி பிளக்கைப் பிடுங்கினார்கள், யார் அதன் மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினார்கள் என்பதெல்லாம் அவளுக்குச் சரியாக நினைவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "அட்டாக்குங்க. மத்தியானமே ஆயிருக்கும். சர்க்கரை இருக்கறவங்களுக்கு வலி பெருசாத் தெரியாது," என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

பெருசாத் தெரியாது என்றால், கொஞ்சம் தெரிந்திருக்குமா?

சனிக்கிழமை மின்மயானத்துக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்து, ஆண்கள் தலை முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். காளியாத்தாள் சுவரில் சாய்ந்துகொண்டு புலம்பினாள்.

"ஊட்டுல தனியாக் கெடந்தானே எந் தம்பி. ஒரு போனாச்சும் பண்ணியிருந்தா ஆராச்சும் ஓடியாந்துருப்பமே. காப்பாத்தியிருக்கலாமே."

சேவூர்ப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த பூங்குழலி அம்மாவின் பக்கம் திரும்பினாள். அழுது அழுது அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏம்மா, அப்பா உனக்குப் போன் பண்ணவே இல்லியா?"

"இல்ல கண்ணு," என்றாள் ஜெயசுதா.

சொன்ன பிறகுதான் சொன்னது பொய் என்று தெரிந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. தன் போனை அவள் பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். மிஸ்டு கால் காட்டிய அந்த மூன்று வரிகளை அழித்துவிட ஒரு நொடி போதும். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். அழிக்கவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை. படத்துக்காகக் கூப்பிட்டாரா, வலி வந்து கூப்பிட்டாரா? இது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சோறு போட்டால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். ஒப்பாரி வைத்தவர்கள் கட்டிப்பிடித்தபோது மூட்டையைப் போல நின்றுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பால் தெளித்தாயிற்று. அஸ்தியைக் கரைக்க வேல்குமாரும் மற்ற ஆண்களும் பவானிக்குப் போயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காளியாத்தாள் உள்ளறையில் தூங்கினாள். பின்னால் பூங்குழலி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. கருமாதி முடியும்வரை டிவி போடக் கூடாது என்று காளியாத்தாள் வந்த அன்றே சொல்லிவிட்டாள். போடுவதற்காக ஜெயசுதா எழுந்திருக்கவில்லை. பெட்ஷீட்டில் யாரோ காப்பி சிந்தியிருந்தார்கள். கறை கண்ணை உறுத்தியது. துவைக்கப் போடலாம் என்று உருவினாள்.

திரையில் ஒரு சிவப்பு அம்பு இருந்தது.

கீழ்ப்பக்கம், கொஞ்சம் இடது ஓரமாக. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தவள் அவள்தான். கிட்டே போய் விரல் வைத்துப் பார்த்தாள். ஓரம் தூக்காமல், காற்றுக்குமிழ் இல்லாமல், கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியிருந்தார்.

பிளக்கை மாட்டினாள். ரிமோட்டில் முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்தாள். ஆப் திறந்தது. தமயந்தியின் புதுப் படம். கீழே 'தொடர்ந்து பார்க்க' என்று இருந்தது. படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு பாதிகூட வரவில்லை.

"திருட்டுத்தனமாப் பாத்துருக்கீங்க," என்றாள் மெதுவாக.

அழுத்தினாள். லாட்ஜ் அறை. கதவு திறந்துதான் இருந்தது. தரையில் வெள்ளைப் பனியனோடு ஒருவன் மல்லாந்து கிடந்தான். தற்கொலையாகத்தான் இருக்கும் என்பது போலக் கான்ஸ்டபிள் தலையாட்டிக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்த மாத்திரை அட்டையைத் தமயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா தரைப்பக்கம் இறங்கி, பிணத்தின் இடுப்புக்கு நேரே ஒரு கணம் நின்றது. ஜெயசுதா படத்தை நிறுத்தினாள்.

பனியனின் கீழ்மடிப்புக்கு மேலே, தையலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை லேபிளை அம்பு தொட்டுக்கொண்டிருந்தது. லேபிள் அவனுடைய வலது பக்கம் இருந்தது.

இந்தப் பனியனை அவன் போட்டுக்கொள்ளவில்லை. செத்த பிறகு யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள், முன்பின் பார்க்காமல். தமயந்திக்கு இது இன்னும் தெரியாது. எத்தனை எபிசோடு கழித்துத் தெரியுமோ. ராயபுரத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதருக்கு முதல் எபிசோடிலேயே தெரிந்துவிட்டது.

திரையின் கீழே இருபத்திரண்டு நிமிடம் என்று காட்டியது. பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு இருபத்திரண்டு. காலை ஊன்றி எழுந்து, நடந்து வந்து, ஸ்டிக்கரை உரித்து ஒட்ட இரண்டு நிமிடம். பன்னிரண்டு இருபத்து நாலு. எடுக்கவில்லையென்றதும் உடனே இன்னொரு தடவை. இருபத்தைந்து. அதற்கு மேல் படத்தை ஓட்டவில்லை. அவள் வரட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் அந்த அம்பின் மேல் கட்டைவிரலை வைத்து இன்னொரு தடவை அழுத்தினாள்.

"அம்மா, என்ன பண்ற?" ஈரக்கையோடு பூங்குழலி கதவருகே நின்றாள். "அத்த பாத்தாங்கன்னா கத்துவாங்கம்மா. அணைச்சுப்போடு."

ஜெயசுதா பீரோவுக்குப் போய்ச் சேலைகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்து வந்து மகளிடம் நீட்டினாள்.

"அப்பா போன் பண்ணுனாங்க கண்ணு. நான் உங்கிட்ட இல்லேன்னு பொய் சொல்லிப்போட்டேன். மத்தியானமே பாத்தேன். திருப்பிக் கூப்புடல."

பூங்குழலி கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். பார்த்தாள். மூன்று வரிகளையும் படித்தாள். கேட்டபோது அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"எதுக்கும்மா கூப்புட்டாங்க?"

ஜெயசுதா திரையைக் காட்டினாள். "அதுக்கு. லேபிள் மாறியிருக்குதுன்னு சொல்றதுக்கு."

மகள் டிவிக்கு முன்னால் குனிந்தாள். அம்பைப் பார்த்தாள், லேபிளைப் பார்த்தாள். செக்கர்கள் இருவருக்குப் பிறந்தவள். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் உதடு சிரிக்கப்போவது போலக் கோணி, பிறகு நின்றது. கையிலிருந்த போனை மறுபடியும் பார்த்தாள்.

"இருவத்தி நாலு, இருவத்தஞ்சு சரி," என்றாள். "அப்பறம் பதினெட்டு நிமிசங் கழிச்சு, நாப்பத்தி மூணுக்கும் இதுக்குத்தானாம்மா?"

உள்ளறையில் காளியாத்தாள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. ஜெயசுதா அவருடைய பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூங்குழலி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து படம் மறுபடி ஓடும்படி ஜெயசுதா ரிமோட்டை அழுத்தினாள். லாட்ஜ் அறை போய்த் தெரு வந்தது, தெரு போய் மலைப்பாதை வந்தது, யார் யாரோ வந்து வாயசைத்துவிட்டுப் போனார்கள். அம்பு மட்டும் ஒட்டின இடத்திலேயே இருந்தது.