கைப்பிடிக்குக் காய்ச்சல்

மீன் கிடங்கின் மூன்றாம் குளிர் அறைக் கதவுக்குக் காய்ச்சல் அடிப்பதை முதலில் கண்டுபிடித்தவர் இரண்டாம் ஷிப்டு கதவுக்காரர். அந்த அறைக்குள் போய் நாலு மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கும். கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் ஐஸாக இருக்க, இரும்புக் கைப்பிடி மட்டும் சாயங்காலம் ஆனால் சுட்டது. பிள்ளை குட்டிகளைத் தொட்டுப் பழகிய மனுஷன் என்பதால் அவர் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. "இது மெஷின் சூடு இல்ல, காய்ச்சல் சூடு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தக் கதவு யார் காலிலும் விழுந்து நம்பச் சொன்னதில்லை.

காரணம், காலை ஷிப்டில் பெட்டி கட்டும் பெண். அவளுடைய கையுறை கிழிந்து வெகுநாள் ஆகியிருந்தது. புதுசு கேட்டால் ஸ்டோர்காரர், "போன தடவை குடுத்ததைத் தின்னுட்டியா?" என்பார். ஒருநாள் ஈரக் கையோடு அந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள், இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன. பின்னால் ட்ராலி வந்துவிட்டது. வெடுக்கென்று பிடுங்கியதில் விரல்நுனித் தோல் கைப்பிடியோடு போயிற்று. தோல் மறுபடி வளர்ந்தது, உணர்ச்சி வளரவில்லை. கன்னமும் மூக்கும் அதற்கு முன்பே மரத்துப் போனவை. அதன்பிறகு விரலில் ஊசி குத்தினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். குளிர் அறை வேலைக்கு வந்தால் அப்படித்தான் என்று மற்ற பெண்கள் தங்கள் விரல்களைக் காட்டினார்கள். உணர்ச்சி எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை.

அவள் புருஷனுக்கு ரொட்டி அடுப்பில் வேலை. முன்கையில் ஒரு முடி கிடையாது. கோடையில் இரண்டு தடவை அடுப்பு முன்னாலேயே மயங்கி விழுந்திருக்கிறான். உப்புத் தண்ணீர் கொடுத்து எழுப்பி அதே இடத்தில் நிறுத்தினார்கள். தூக்கத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுத்து அலறுவான். உள்ளங்கை காய்த்துக் காய்த்து, கொதிக்கிற தட்டை வெறுங்கையால் எடுப்பான். முதலாளி அதை வருகிறவர்களுக்கெல்லாம் வித்தை மாதிரி காட்டுவார். அவன் கைக்கு அடுப்பைத் தவிர உலகத்தில் எல்லாமே ஜில்லென்றுதான் இருந்தது.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே மகள். வாலு என்று கூப்பிடுவார்கள், பெயருக்கு ஏற்ற வால்தான். மூன்று வயதில் அவளுக்குக் காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, கண் மேலே செருகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இவ்வளவு அடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் தொட்டுக்கூடப் பாக்கலையா?" என்று திட்டினாள். "தொட்டுப் பாத்தோம்" என்றாள் தாய். அது நிஜம். அவள் தொட்டபோது ஒன்றும் தெரியவில்லை, அவன் தொட்டபோது ஜில்லென்று இருந்தது. இனிமேல் காய்ச்சல் ஏற விடக்கூடாது, விட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தெர்மாமீட்டர் வாங்கினார்கள். ஆனால் தெர்மாமீட்டர் கேட்டால் சொல்லும், கேட்காமல் வாய் திறக்காது. "நெத்தியை வயித்துல வச்சுப் பாரேன்" என்றாள் நாத்தனார். வைத்தும் பார்த்தாள். வயிற்றுக்குக் காய்ச்சல் தெரியவில்லை, பசி ஒன்றுதான் தெரிந்தது. பெற்ற பிள்ளையைத் தொட்டால் மரக்கட்டையைத் தொட்ட மாதிரி இருக்கிறதே என்று அவள் கொல்லையில் நின்று அழுதாள்.

கதவுக்காரர் ஒரு மத்தியானம் ஷிப்டு மாறும்போது அந்தக் கைப்பிடிக் கதையை வேடிக்கையாகச் சொன்னார். "சூடு மட்டும் இல்லம்மா. சின்ன நெத்தி ஒண்ணு கைக்குத் தட்டுப்படுது. இடது ஓரத்துல ஒரு தழும்பு." பெட்டி கட்டுகிறவள் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு கீழே விழுந்தது. வாலு கட்டிலிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு இடது ஓரத்தில்தான் இருந்தது. அன்றுமுதல் அவள் வீட்டில் மகளைத் தொடுவாள், கிடங்கில் அவர் கைப்பிடியைப் பிடிப்பார், சுட்டால் உடனே போன் போடுவார். "தங்கச்சி, பாப்பாவுக்கு லேசா சுடுது, மருந்தைக் குடு." மூன்று வருஷம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அவள் பாத்திரம் தேய்த்தால் கைப்பிடி வழுக்கும், தலை பின்னினால் எண்ணெய்ப் பிசுக்கு. இருட்டிய பிறகு மட்டும் கதவுக்காரர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு, காய்ச்சல் பார்க்கச் சுண்டுவிரலுக்கு மட்டும் ஓட்டை வைத்திருந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "நானும் குடும்பஸ்தன்தான்" என்றார்.

அப்புறம் தானே திறக்கும் கதவு வந்தது. பழைய கதவைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார் மேனேஜர். கைப்பிடியை மட்டும் தரும்படி அவள் கேட்டாள். முடியாது என்றார். "ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க சார்." தொல்லை விட்டால் போதும் என்று பிடித்தார். அவள் எட்டி நின்று, தன் வலது கையால் இடது கையை மெதுவாகத் தடவினாள். வெடிப்பும் கொப்புளமும் ஆறாத புண்ணுமாக அந்தக் கை மேனேஜர் கைக்குள் வந்து உட்கார்ந்தது. அவர் படக்கென்று விட்டுவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போ" என்றார். அடுத்த மாதம் எல்லாருக்கும் புதுக் கையுறை வந்தது, ஒரு சைஸ் பெரிதாக.

கைப்பிடி வீட்டுக்கு வந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது, அதைப் பிடித்துப் பார்க்க அங்கே உருப்படியான கை இல்லை. புருஷன் பிடித்தால் ஜில், அவள் பிடித்தால் ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது வாலுவின் கை. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, அம்மா நெற்றியைத் தொட, "சுடுதும்மா" என்றோ "சுடலைம்மா" என்றோ அவளே சொன்னாள். பரீட்சை நாளெல்லாம் தவறாமல் சுட்டது. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதை. ஆனாலும் வேறு வழி?

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போக இருந்ததற்கு முதல்நாள் சாயங்காலம், வாலு கண் சிவந்து சுருண்டு கிடந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சுடவே இல்ல" என்றாள். அடுப்பில் பால் பொங்கியது. அம்மா கைப்பிடியை வாங்கி, எதையும் செருகுகிற பழக்கத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி, பாலை இறக்கிவிட்டு வந்து, "பொய் சொல்றியாடி?" என்று நெற்றியில் கை வைத்தாள். வயிற்றில், கைப்பிடி பட்ட இடத்தில், சின்ன நெற்றி ஒன்று சுட்டது. தழும்பு இருந்தது. வியர்வையில் ஒட்டிய நாலு முடி இருந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு மறுபடி கையை வைத்தாள்.

"அதான் பாத்துட்டல்ல, கையை எடும்மா."

"இருடி" என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

வேலை முடிந்து வந்த புருஷன் எப்போதும்போல் சுவரில் சாய்ந்தான். பழகிப்போன கை அவன் நெற்றியையும் தொட்டது. மகளைவிட அதிகமாகச் சுட்டது.

"ஏங்க, உங்களுக்கும் காய்ச்சல்."

"காய்ச்சல் இல்ல, வேலை. தினமும் இப்படித்தான் இருக்கும்."

பதினோரு வருஷமாக அவன் அந்தச் சூட்டோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான், இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்து, மகளுக்குப் பக்கத்தில் அவனையும் படுக்க வைத்தாள். வாலு இப்போது கல்யாண வயதில் இருக்கிறாள். அம்மா இடுப்பில் இருப்பது சாவி என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஆனால் இரண்டு நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் சோறு வைப்பாள். ஈரத்துணி அநேகமாக அவனுக்குத்தான்.