முறுக்கிய நாடா

சேவியர்ராஜுக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, கபகபவென்று எரிந்தது. அவன் கிடாருக்குப் பாடும்போது பொண்டாட்டி கிரேஸ் கொட்டாவியை அடக்குவாள். கூட்டாளி சாமின் கிடாருக்கு என்றால் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொள்வாள். எந்தப் புருஷனுக்குத்தான் பொறுக்கும்?

கள்ளக்குறிச்சியில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்த அறிவுச்செல்வனோடு இவர்கள் மூவரும் சேர்ந்து ‘ஆகாசத்து மீன்கள்’ என்று ஒரு கேசட் போடக் கிளம்பியிருந்தார்கள். மாதா கோயில் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. மீன் மலையேறும், மழை கேள்வி கேட்கும், கிடார் எக்கோவில் மிதக்கும். கேட்கிறவனுக்குத் தலை சுற்ற வேண்டும், அவ்வளவுதான் உத்தேசம்.

தலைப்புப் பாட்டின் நடுவே வரும் தனி வாசிப்பையாவது தனக்குக் கொடுங்கள் என்று சேவியர் கெஞ்சாத குறை. அறிவு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாம் அதை ஒரே மூச்சில் வாசித்துத் தனிக் கேசட்டில் பதிந்துவிட்டு, வாத்தியார் வேலை பார்க்கும் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மறுநாளே இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. எண்பத்தேழு செப்டம்பர். புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, கல்யாண ஆர்டரும் இல்லை. கடை சும்மா கிடக்கும் இந்த வாரத்திலேயே பாட்டுகளைச் சேர்த்து முடித்துவிடலாம் என்றான் அறிவு.

சேவியருக்குப் புத்தி கெட்டது அப்போதுதான். சாம் பதிந்த கேசட் கெட்டுப்போனால், திரும்ப வாசிக்க அவனால் மலையிறங்கி வர முடியாது. தனி வாசிப்பு தனக்குத்தான். அறிவு சாப்பிடப் போன நேரம் பார்த்து, கேசட்டின் திருகுகளைக் கழற்றி, நாடாவை ஒரு முறுக்கு முறுக்கித் திரும்பப் பூட்டிவிட்டான்.

சாயங்காலம் கிரேஸும் வந்தாள். அறிவு கேசட்டை ஓடவிட்டான். சத்தமே இல்லை.

“அழிஞ்சி பூட்ச்சி போலகீதுடா,” என்று முகத்தைத் தொங்கப்போட்டான் சேவியர். “இன்னா பண்றது, நானே வாசிச்சிடறேன்.”

“இருடா,” என்று அறிவு பக்கத்தை மாற்றிப் போட்டான்.

முறுக்கியதில் மேல்கீழாகப் புரண்டிருந்த நாடாவில் சாமின் வாசிப்பு கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியது. ஒவ்வொரு சுரமும் எங்கோ தூரத்தில் தேம்பலாகக் கிளம்பி, வீங்கி, பட்டென்று அறுந்தது. கிரேஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கேட்டுக்கினே இருக்கலாம் போலகீதுங்க,” என்றாள்.

“இதாண்டா நம்ம கேசட்டு!” என்று குதித்தான் அறிவு. “தலகீழா ஓடினாக்கூட அவன் கை தனியா தெரியுது பாரு!”

நான்தான் திருப்பினேன் என்று கத்த சேவியருக்கு வாய் துடித்தது. ஏன் திருப்பினாய் என்று கேட்பார்களே! “டேப்பு தானா முறுக்கிக்கிச்சி போலகீது,” என்று முனகினான்.

தூக்கம் வருமா? தலைகீழாக ஓடுவதில்தான் மந்திரம் என்றால் அது தனக்கும் பலிக்க வேண்டும். மறுநாள் தன் வாசிப்பு இருந்த கேசட்டையும் முறுக்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

“என்னுதயும் திருப்பிக்கினு வந்துகீறேன், கேளுங்க.”

அறிவும் கிரேஸும் பொறுமையாக உட்கார்ந்து, நாடா நிற்கும்வரை கேட்டார்கள்.

“நல்லாகீதுங்க,” என்றாள் கிரேஸ், நிஜமாகவே அன்பாக. “இப்ப நீங்க திருப்பினதயும் போடுங்க.”