வா என்றால் போ

நொச்சோலா என்ற அந்தப் பழுப்புக் குதிரை இப்போது பலேர்மோவுக்கு வெளியே தன் லாயத்தில் பத்திரமாக நின்று புல் தின்றுகொண்டிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடியும்வரை உங்களுக்கும் நெஞ்சு படபடக்கும். நான் பட்டது போதும்.

என் பெயர் மொனிகா. பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு நாலாம் மாடி வீட்டில், எண்பத்திரண்டு வயது சின்யோரா அகதாவைப் பார்த்துக்கொள்கிறேன். பதினாலு வருடமாகிறது. என் தம்பி ஏர்னஸ்ற் எனக்குப் பிறகு ஏழு வருடம் கழித்து வந்தவன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். போன வருடம் அந்த ஹோட்டலைப் பூட்டிவிட்டார்கள். வேலை போனால் இன்னொரு வேலை தேட ஒரு வருடம் பெர்மெஸ்ஸோ, தங்கும் அனுமதி, தருவார்கள். செப்டெம்பரில் அந்த வருடமும் முடிகிறது. அதற்குள் யாராவது வேலை ஒப்பந்தம் எழுதித் தந்தால் அவன் இங்கே இருக்கலாம். தராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏர்னஸ்றுக்கு முப்பத்தெட்டு வயது. ஊரில் அவனுக்கென்று ஒரு கதிரைகூட மிச்சமில்லை.

ஜூலையில் ஒருநாள் அவன் என்னைப் பார்க்க வந்தபோது, சின்யோராவுக்குப் பொழுதுபோகட்டும் என்று போனில் எங்கள் ஊர்க் குதிரைகளின் வீடியோ ஒன்றைக் காட்டினான். நாங்கள் நெடுந்தீவு ஆட்கள். அங்கே வெட்டைவெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரியும். சின்யோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தார். பார்த்தது ஒன்று, தன் தமையன் மகன் கலோஜெரோவுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொன்னது இன்னொன்று. மொனிகாவின் தம்பி குதிரைத் தீவிலிருந்து வந்தவனாம், பிறந்ததிலிருந்து குதிரையோடு வளர்ந்தவனாம்.

கலோஜெரோவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் மலைப்பக்கம் கூட்டிப்போய், கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கவைத்துக் கூட்டிவருவது அவர் தொழில். சமையலைப் பார்த்துவந்த மனைவிக்கு இடுப்பில் ஒப்பரேசன். ஆகவே ஓகஸ்ட் கடைசிப் பயணத்துக்கு ஒரு சமையல்காரியும், குதிரை தெரிந்த ஓர் ஆளும் வேண்டும் என்றார். ஆள் சரியாக இருந்தால் லாயத்தில் நிரந்தர வேலை, உடனே ஒப்பந்தம்.

ஏர்னஸ்ற் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டான்.

"அக்கா, நான் குதிரையைத் தொட்டதே இல்லை. போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாறன்."

"ஒண்டும் சொல்லாதை. தலையை ஆட்டு, காணும்," என்றேன்.

அவன் சொன்னது முழு உண்மை. அந்தக் குதிரைகளை ஊரில் யாரும் கட்டியதுமில்லை, ஏறியதுமில்லை. நாங்கள் கல்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம், அவை அந்தப் பக்கம் நிற்கும். எங்கள் வீட்டு நாய்க்குத் தெரிந்த அளவுகூட எங்களுக்குக் குதிரையைப் பற்றித் தெரியாது. ஆனால் ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் காதில் ஏறவில்லை. அவன் வாயை அடைத்தது நான்தான்.

புறப்பட்ட அன்று காலை பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய், தக்காளி, கொஞ்சம் பச்சைமிளகாய் எல்லாம் வாங்கி, கலோஜெரோவின் வான் வண்டியில் ஏற்றினேன். ஜெனோவாக் கப்பலில் வந்திறங்கிய நாலு பேரைத் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டோம். ஒரு கணவன் மனைவியும் இரண்டு சகோதரிகளும். ஏர்னஸ்ற் வானை ஓட்டினான். ஒரு மணித்தியாலம் போனதும் நகரம், கடல் எல்லாம் மறைந்துவிட்டன. கோதுமை அறுத்து முடிந்த குன்றுகள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மஞ்சளாகக் கருகிக் கிடந்தன. ஒரு பச்சை இல்லை. சகோதரிகளில் மூத்தவள் இது சிசிலியா, ஆபிரிக்காவா என்று கேட்டாள். அந்தக் காய்ந்த வெளிக்குப் பின்னால் சாம்பல் நிறப் பாறைமலை செங்குத்தாக எழும்பி நின்றது. மலையடிவாரத்தில் கலோஜெரோ ஐந்து குதிரைகளோடு காத்திருந்தார்.

நாலு பேரும் ஏறியதும் அவரும் ஏறி, நாக்கைச் சொடுக்கி, "வா!" என்றார். குதிரைகள் நடக்கத் தொடங்கின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாலிய மொழியில் வா என்றால் போ என்று அர்த்தம். நான் சின்யோரா வீட்டுக்கு வந்த முதல் வாரம், ஈரத் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன். அவர் கையை வீசி "வா, வா" என்றார். நான் கிட்டப் போனேன். அவர் இன்னும் உரத்து "வா" என்றார். நான் அவருடைய மூக்குக்கு முன்னால் போய் நின்றேன். புதிதாக வந்தவளுக்கு விசர் என்று மகனுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். இந்தக் கதையைத் தம்பிக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். ஆகவே அன்று புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

முதல் நாள் எப்படியோ சமாளித்தோம். மலைச்சரிவில் கல்தொட்டி ஒன்று, அதில் ஊற்றுத் தண்ணீர், பக்கத்தில் இரண்டு ஓக் மரங்கள். அங்கேதான் கூடாரம்; நானும் தம்பியும் சாமான்களோடு வானில் போய்ச் சேர்ந்தோம். கலோஜெரோ இரண்டு மரத்துக்கும் நடுவில் நீளக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டி, குதிரைகளை ஒன்றையொன்று உதைக்காத தூரத்தில் அதில் கட்டினார். ஏர்னஸ்ற் அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து அரை நிமிடம் பிந்தி அதையே செய்தான். கோயிலில் செபம் தெரியாதவன் பக்கத்து ஆளின் வாயைப் பார்த்து முணுமுணுப்பதைப்போல. என் கத்தரிக்காய்க் கறியை ஜெனோவாக்காரர் பாணால் வழித்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் காலை கலோஜெரோ நாலு பேரையும் கூட்டிக்கொண்டு கால்நடையாக மலைமுகட்டுக்குப் போனார். போகும்போது ஏர்னஸ்றிடம் சுருக்கமாகச் சொன்னார். ஒவ்வொரு குதிரையாக அவிழ்த்துத் தண்ணீர் காட்டித் திரும்பக் கட்டு. கவனம், கீழே லொறி ஓடும் பெரிய றோட்டு இருக்கிறது. நொச்சோலா என் மகளின் குதிரை, என்றார்.

நாலு குதிரை ஒழுங்காகக் குடித்துவிட்டுத் திரும்பின. ஐந்தாவது நொச்சோலா. நான் தக்காளி வெட்டிக்கொண்டிருந்தேன். தொட்டிக்குப் பாதி வழியில் குதிரை நின்றுவிட்டது. ஏர்னஸ்ற் முன்னால் நின்று கயிற்றை மெல்ல இழுத்து, பிள்ளையைக் கூப்பிடுவதைப்போல "வா" என்றான். அது இரண்டடி வைத்தது. ஆனால் தொட்டிப் பக்கம் அல்ல, அவனைத் தாண்டி. "வா, வா," என்றான் கொஞ்சம் உரத்து. அது ஓட்டநடை எடுத்தது. கயிறு அவன் கையை உரித்துக்கொண்டு நழுவியது.

மனிதனுக்குப் பயம் வந்தால் ஏழு வருட இத்தாலிய மொழி எங்கே போகுமோ தெரியாது. அவன் கைகளை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினான். "வா! வா! இஞ்சை வா!" ஒவ்வொரு வாவுக்கும் குதிரை இருபது அடி தள்ளிப் போனது. அவன் நின்றால் அதுவும் நின்றது. அவன் கூப்பிட்டால் அது போனது. சொல்வழி கேட்கிற நல்ல குதிரை. அந்த மொட்டைச் சரிவில் அதை மறிக்க ஒரு வேலி இல்லை, ஒரு மரம் இல்லை. கீழே றோட்டில் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

நான் கத்தியும் கையுமாக, வீட்டுச் செருப்போடு ஓடினேன். குதிரையைவிட அவனைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். ஒப்பந்தம், பெர்மெஸ்ஸோ, அவனுடைய ஏழு வருடம், எல்லாம் அந்தக் குதிரையின் பின்னால் தொங்கிக்கொண்டு போவதைப்போல இருந்தது. அவன் மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது. அவன் உள்ளதைச் சொல்லப் போனவன்தானே.

"தம்பி, வாயை மூடு. நீ வா எண்டுறாய். அதுக்குப் போ எண்டு விளங்குது."

அவன் அப்படியே நின்றான். என் ஈரத் துடைப்பக் கதை அவன் முகத்தில் மெல்ல ஏறியதைப் பார்த்தேன். பிறகு "வியேனி" என்று கூப்பிட்டுப் பார்த்தான், அதுதான் அவர்களுடைய வா. குதிரை ஒரு காதைத் திருப்பியது. வரவில்லை. ஒரு அடி எடுத்துவைத்தான், அதுவும் ஒரு அடி தள்ளிப் போனது. இவ்வளவு நேரம் போ போ என்று துரத்திவிட்டு இப்போது வா என்றால் எந்தக் குதிரைதான் நம்பும்.

ஏர்னஸ்ற் திரும்பினான். குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் குந்தினான். கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

"போ," என்றான், தமிழில், மெதுவாக. "நீயும் போ. எல்லாரும் போங்கோ. என்னையும் போகத்தானே சொல்லப்போகினம்."

அவன் சின்னப் பிள்ளையைப்போல மூக்கை உறிஞ்சினான். நானும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெயிலில், அந்தக் கருகிய புல்லில் இருந்துவிட்டேன். வெட்டுக்கிளிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு குளம்புச் சத்தம் கேட்டது. நொச்சோலா ஒரு அடி வைத்தது, நின்றது. இன்னொரு அடி. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அது சாவகாசமாக வந்து, அவன் பின்கழுத்தை மணந்து, ஈரமான வாயை அவன் தோளில் வைத்தது.

"திரும்பாதை," என்றேன். "கயிறு உன்ரை காலடியிலை கிடக்கு. மெல்லப் பிடி."

பிடித்தான். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் உடம்பிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கியதைப்போல இருந்தது. வா என்றால் போகிறது, போ என்றால் வருகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவன் குதிரையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். எழும்பிப் பார்த்தால், மேலே பாறைக்குப் பக்கத்தில் கலோஜெரோ நிற்கிறார். எப்போதிலிருந்து நின்றாரோ.

அவர் இறங்கி வந்து முதலில் குதிரையின் காலைத் தடவிப் பார்த்தார். அடுத்து ஏர்னஸ்றின் கையைப் பார்த்தார். நான் ஏதோ கதை கட்டத் தொடங்கினேன். ஏர்னஸ்ற் என்னை நிறுத்திவிட்டான்.

"அக்கா, காணும். இந்தமுறை நான் கதைக்கிறன்."

தன் இத்தாலியத்தில் எல்லாவற்றையும் சொன்னான். நேற்றுவரை குதிரையைத் தொட்டதில்லை என்றும், தீவில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி என்றும், சொல்லாமல் வந்தது பிழை என்றும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் எனக்குள்ளும் ஏதோ தளர்ந்தது. ஒரு மாதமாக அந்தப் பொய்யை நானும்தான் சுமந்தேன்.

கலோஜெரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நேற்று நீ குதிரைக்குப் பின்னால் போய் நின்றபோதே தெரியும் என்றார். தன் மாமி அகதா, குதிரை என்று நினைத்துக் கழுதையைக் காட்டுகிற மனுசி என்றார். போன வருடம் வைத்திருந்தவன் குதிரை தெரிந்தவன்தானாம், ஆனால் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது மோட்டார்சைக்கிளில் துரத்தி றோட்டுக்கே விட்டுவிட்டானாம். மிச்சத்தைப் பழக்கலாம், துரத்தாமல் இருக்கத் தெரிந்தால் போதும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கல்லில் இருந்தபோது என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"போ," என்றான் ஏர்னஸ்ற்.

"போ," என்று கலோஜெரோ சொல்லிப் பார்த்தார். அது குதிரைத் தீவின் சொல்லா என்று கேட்டார். ஏர்னஸ்ற் என்னைப் பார்த்தான். ஓம், எங்கள் தீவில் அப்படித்தான் சொல்வோம் என்றேன். அது பொய்யுமில்லை. இப்போது லாயத்துக்குப் போனால், அந்த மனுசன் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு "போ, போ" என்று கூப்பிடுவதைப் பார்க்கலாம். குதிரைகளும் வருகின்றன.

திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. அதற்கடுத்த வாரம், பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் தவணை. நானும் கூடப் போனேன். ஏர்னஸ்ற் கைக்கட்டோடு, சலவைச் சேர்ட்டோடு, வரிசையில் இரண்டரை மணித்தியாலம் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒப்பந்தத்தை வாசித்தாள், பழைய பெர்மெஸ்ஸோவை வாசித்தாள், எதையோ தட்டினாள், விரல் அடையாளம் எடுத்தாள். புதுப் பெர்மெஸ்ஸோவுக்கான, முத்திரை குத்திய துண்டைக் கண்ணாடி இடுக்கால் தள்ளிவிட்டு, அடுத்த ஆளின் பேப்பர்களைத் தேடிக்கொண்டே கையை அசைத்தாள்.

"வா, வா."

ஏர்னஸ்ற் கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போனான். நெற்றி முட்டுமளவுக்குப் போய், இன்னும் என்ன கேட்கப்போகிறாளோ என்று பையிலிருந்த பேப்பர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். நான் பின்னால் போய்ச் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"தம்பி, போகச் சொல்லுறா."

அவன் பேப்பர்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.

"எங்கை?"

"வீட்டை," என்றேன். "வேறை எங்கை. நட, பஸ்ஸைப் பிடிப்பம்."