மின்சார ஏணி இல்லாத வீடு

இரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களின் வரிசை ஒருவழியாக ஓய்ந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வந்தவர்களை உட்காரவைக்கும் அந்தச் சாய்வு நாற்காலியிலேயே நானும் சாய்ந்தேன். "கையை நீட்டுங்க, விரலை மடக்கிக்கோங்க, வலிக்காது" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் காய்ந்துவிட்டது. வலிக்கும் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். போனை எடுத்து, புதிதாக இறக்கியிருந்த சீன வாசிப்பு ஆப்பைத் திறந்தேன். முகப்பில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. உள்ளே விடுவதற்கு முன் அது ஒரு பரீட்சை வைத்தது. இந்தச் சொல் தெரியுமா, அந்தச் சொல் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டது. நேர்மையாகத்தான் பதில் சொன்னேன். கடைசியில் கொக்கு இறக்கையை விரித்து வாழ்த்துச் சொல்லி, நான் இரண்டாம் படியில் இருப்பதாக அறிவித்தது. எனக்கு வந்ததே கோபம். ஐந்தாம் படிக்காரி நான்!

பழைய ஆப்பை இழுத்து மூடப் போகிறார்கள். மாதக் கடைசியோடு சரி, இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி என்று ஒரு பூங்கொத்துப் படத்தைப் போட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். பூங்கொத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சீனம் படிக்கிறவர்களில் எங்களைப் போன்றவர்கள் பாடு தனி. பாடப்புத்தகம் முடிந்துவிட்டது. செய்தித்தாளைத் திறந்தால் தலைப்பையே தாண்ட முடியாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அப்படி நடுவில் நிற்பவர்களுக்கென்றே எளிய சொற்களில் கதை எழுதி, படிப்படியாக ஏற்றிவிடும் ஆப்கள் இருக்கின்றன. தெரியாத சொல்லை விரலால் தொட்டால் பொருள் வரும். எதைத் தொடுகிறோம், எதைத் தொடாமல் போகிறோம் என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்து, அதற்குத் தகுந்தாற்போல் அடுத்த கதையைக் கொடுக்கும். பழைய ஆப் அப்படித்தான் என்னை ஐந்தாம் படிவரை தூக்கிவிட்டிருந்தது.

இந்த வயதில் சீனம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரே மகள் சீனப் பையனைக் கட்டிக்கொண்டு அவன் ஊரோடு போய்விட்டாள். மாப்பிள்ளை தங்கமானவன், கப்பலில் வேலை. வீட்டில் இருப்பது அவனுடைய அம்மாதான். சீனத்திலும் சம்பந்தியம்மாவுக்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட அன்று, நம்ம ஆட்கள்தான் போலிருக்கிறது என்று எனக்கு அத்தனை நிம்மதி. கல்யாணத்தின்போது போனை நடுவில் வைத்து, அது மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல நாங்கள் இருவரும் பேசினோம். இரண்டு பேரும் போனைப் பார்த்துத்தான் சிரித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. மற்ற நேரமெல்லாம் மகள் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாகப் பேசி ஓய்ந்துபோய், "அம்மா, என்னால முடியல. நீங்களே கொஞ்சம் கத்துக்கோங்களேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

இப்போது அவளுக்குப் பிரசவம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, போவது நான் ஒருத்தி. என் வீட்டுக்காரருக்கு விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகள் படுத்திருப்பாள், மாப்பிள்ளை கடலில் இருப்பான், சமையலறையில் நானும் அந்த அம்மாவும் மட்டும். பச்சை உடம்புக்காரிக்கு என்ன கொடுப்பது, குழந்தை ஏன் அழுகிறது, இராத்திரி யார் விழிப்பது? எல்லாவற்றையும் நாங்கள் இரண்டு பேர்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். அம்மா ஐந்தாம் படிக்கு வந்துவிட்டாள் என்று மகள் வேறு அங்கே தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறாள்.

கொக்குக்குத்தான் புத்தியில்லை என்று இன்னொரு ஆப்பை இறக்கினேன். இதன் முகப்பில் டீக்கோப்பை. அதுவும் பரீட்சை வைத்தது, அதுவும் இரண்டு என்றது. ஆனால் கொக்கைவிட இது பண்பான ஆப். உங்களுக்கு விருப்பமான படியை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று கீழே சின்னதாக எழுதியிருந்தது.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகளை வாங்கி அடுக்குகிறவளுக்கு நாட்டாமை என்று பேர். யார் வீட்டு வழக்கானாலும் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். என் புலம்பலைக் காதில் வாங்கிக்கொண்டே டப்பாவிலிருந்த கடைசி வாய்ச் சாப்பாட்டை முடித்தாள்.

"ஏன்டி, அந்தப் பழைய ஆப்புல நீ மட்டும்தான் படிச்சியா?"

"நானும் அவரும் சேர்ந்துதான். ஒரு கணக்குப் போதாதா? சாப்பிட்டுட்டு சோபால உக்காந்து ஒரே போன்ல படிப்போம்."

"தெரியாததைத் தொடுறது யாரு?"

"ரெண்டு பேருக்கும் தெரியலைன்னாத்தான் தொடுவோம். ஒருத்தருக்குத் தெரிஞ்சா..." சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

"அதான்," என்றாள் நாட்டாமை, டப்பாவை மூடிக்கொண்டே. "அது உங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சிருக்கு."

வெட்கமாகப் போய்விட்டது. எங்களைத் தவிர வேறு யாருக்காவது இந்த முட்டாள்தனம் வாய்க்குமா? அவர் லிப்ட் மெக்கானிக். சீன லிப்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர். கதவு, கம்பி, எடை, ஆபத்து, மேலே, கீழே, இரும்பு சம்பந்தப்பட்ட எதுவானாலும் அவருடையது. உடம்பு, நோய், வலி, உறவு, அழுகை எல்லாம் என்னுடையது. கதையில் லிப்ட் வரும்போதெல்லாம், "பாரு, மின்சாரம்னு ஒரு எழுத்து, ஏணின்னு ஒரு எழுத்து. மின்சார ஏணி! என்னா அழகா வச்சிருக்கான்" என்று தன் வீட்டுச் சொத்தைப் போலப் பெருமைப்படுவார். நான் "சரி சரி, அடுத்த வரிக்கு வாங்க" என்பேன். அந்த எழுத்தை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை. பார்ப்பானேன், அவர்தான் பக்கத்தில் இருக்கிறாரே.

சாயங்காலம் கிரீஸ் வாடையோடு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. போனை அவர் கையில் திணித்தேன்.

"இந்தாங்க, இந்தப் பரீட்சைய எழுதுங்க."

"எனக்கெதுக்கு? நானா போறேன்?"

"எழுதுங்கன்னா எழுதுங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துச் சுளித்து எழுதினார். கொக்கு அவருக்கும் இறக்கையை விரித்தது. இரண்டாம் படி.

நாட்டாமையின் தீர்ப்பைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ரெண்டும் ரெண்டும் நாலு. அப்புறம் அஞ்சு எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்காதீங்க. இத்தனை நாளும் நான்தான் படிக்கிறேன், நீங்க சும்மா துணைக்கு உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். உங்க மனசு கோணக் கூடாதேன்னு சில வார்த்தைய தெரியாத மாதிரி விட்டுக்கூடக் கொடுத்திருக்கேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "நீயுமா?" என்றார்.

ஒருவரையொருவர் சுமப்பதாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். தண்ணீர்க் குழாய் கசிந்தால் எதைத் திருகுவது என்று எனக்குத் தெரியாது. அவருடைய மாத்திரை எது காலை, எது இராத்திரி என்று அவருக்குத் தெரியாது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க போய் நான் யாரைக் கேப்பேன்?" என்றேன். "அந்தம்மா ஒண்ணு கேட்டு நான் ஒண்ணு செஞ்சு, பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

எழுந்து போய்க் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அன்றைக்கே டீக்கோப்பையில் ஐந்தாம் படியைப் போட்டுத் தனியாக உட்கார்ந்தேன். எனக்கும் ரோஷம் இருக்கிறதே. ஒரு வாடகை வீட்டைப் பற்றிய கதை. ஒரு சொல்லைத் தொட்டேன், பக்கத்துச் சொல்லையும் தொட்டேன், அதற்கடுத்ததையும் தொட்டேன். முதல் பத்தி முடிவதற்குள் பக்கம் முழுக்க என் விரல் பட்ட கோடுகள். கதையில் யார் யாருக்கு வீட்டைக் கொடுத்தார்கள் என்றே புரியவில்லை. டீக்கோப்பையை நீக்கினேன். கொக்கைத் திறந்து, சரி தாயே, இரண்டே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். அவருடைய போனிலும் அதையே போட்டு, அவர் பேரில் தனிக் கணக்கு.

"எனக்கு வேண்டாம். நீ படிச்சாப் போதும்" என்றார்.

"நான் அங்க போனப்புறம் பேரப்பிள்ளையப் பத்தி அந்தம்மா எழுதுறதை உங்களுக்கு யாரு படிச்சுக் காட்டுவா?"

போனை வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து சோபாவின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். வீடு பரீட்சை நடக்கும் அறையைப் போல ஆகிவிட்டது. இரண்டாம் படிக் கதைகளில் ஒரு பூனை காணாமல் போகும், பிறகு கிடைத்துவிடும். வேலை முடிந்து வந்த அலுப்பில் பூனை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்றிருக்கும். அவர் வாய் துறுதுறுக்கும். முறைப்பேன். என் வாயும் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன். பழைய ஆப் ஒரு நாள் திறக்காமலே போனது.

டிக்கெட் தேதி நெருங்கிய ஒரு சாயங்காலம் சம்பந்தியம்மாவிடமிருந்து செய்தி வந்தது, எங்கள் இருவருக்கும் பொதுவாக. எப்போதும்போல நீளமாக எழுதியிருந்தார். இது ஆப் இல்லை, தொட்டால் பொருள் வராது; போனையே மொழிபெயர்க்கச் சொல்லவும் மனமில்லை. போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

சம்பந்தியம்மா என்று தொடங்கியிருந்தது. அது தெரிந்தது. உங்கள் முழங்கால் நன்றாக இல்லை என்று மகள் சொன்னாள். முழங்கால் என் சொல், கேட்க வேண்டுமா. எங்கள் வீடு நான்காம் மாடி. அடுத்த வரியில் வழுக்கினேன். எங்கள் வீட்டில் ஏதோ ஒன்று இல்லை. முதல் எழுத்து மின்சாரம். மின்சாரமே இல்லாத வீடா? கைக்குழந்தையை வைத்துக்கொண்டா? கூப்பிட்டால் கதவுக்கு அந்தப் பக்கம் பதில் இருக்கிறது. கூப்பிடவில்லை. அடுத்ததைப் படித்தேன். மெதுவாக வரலாம், அவசரமில்லை. மாடிப்படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். நானும் கூட உட்காருகிறேன்.

மறுபடி மேலே போனேன். மின்சாரத்துக்குப் பக்கத்தில் நின்ற அந்த எழுத்தை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். என்னா அழகா வச்சிருக்கான் என்ற அவர் குரல் காதிலேயே கேட்டது.

ஸ்டவ்வுக்கு முன்னால் நின்றுகொண்டு அழுதேன். நாற்காலிக்காகவா ஏணிக்காகவா, தெரியவில்லை.

கதவைத் திறந்தால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஒட்டுக்கேட்கிறவர் போல முகம், ஆனால் கேட்பதற்கு அங்கே என்ன சத்தம் இருந்தது.

"என்ன எழுதியிருக்காங்க? ஏன் அழுவுற?"

"நீங்களே படிங்க."

என் போனையே வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் போய் விளக்கடியில் உட்கார்ந்தார். எதிரில் நானும் உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா என்று உதடசைத்தார். அப்புறம் நின்றுவிட்டார். முழங்கால். அவருக்கு அது தெரியாது. எப்படித் தெரியும், உடம்பெல்லாம் என் பங்கு. பார்வை கீழே போய், ஓர் இடத்தில் தங்கி, "நம்ம மின்சார ஏணி" என்று முகம் மலர்ந்தது. மறுபடி மேலே வந்தார். உங்கள் ஏதோ ஒன்று நன்றாக இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார், இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். நான் அசையவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். கிரீஸ் போகாத அந்த விரல், எழுத்துக்கு மேலே, படாமல் நின்றுகொண்டிருந்தது.