வெறும் வயிறு

சபர்பெக்குக்கு முதுகு வலி என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவள் அவன் பெண்டாட்டி கம்ஷாத். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? டவர் கிரேன் ஓட்டுகிற ஆள், கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். அவனுக்கு மனசு சரியில்லை, காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால் மறுநாளே சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு குடியை நிறுத்து என்பார்கள். அவன் குடிப்பதே இல்லை. அதனால் முதுகு. முதுகு வலிக்கு யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளப் போகிறான் என்பதை ஒளிக்கவும் தேவைப்படவில்லை. அல்மாட்டி நகரத்தில் டிரிப்ஸ் ஏற்றாத வீடு உண்டா? ரத்தக்குழாய்க்கு ஒன்று, களைப்புக்கு ஒன்று, வசந்தம் வந்துவிட்டால் சும்மாவே ஒன்று. கீழ்வீட்டு நர்சம்மா கோட் மாட்டுகிற ஸ்டாண்டில் பாட்டிலைத் தொங்கவிட்டு, டிவி பார்த்தபடியே ஏற்றி அனுப்பிவிடுவாள். போகிறவர்களும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். நடுவில் தலை சுற்றக் கூடாதே.

ஆனால் இது அந்த டிரிப்ஸ் இல்லை. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற மருந்து, அதையே கொஞ்சமாக, மெதுவாக உடம்பில் விடுவது. மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துக் களைத்த டாக்டர் ரௌஷன்தான் இதைச் சொன்னாள். முந்தின ராத்திரிக்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. கூட்டிவந்து திரும்பக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். சட்டைக் கை தளர்வாக இருக்கட்டும். மருந்து ஏறும்போது மிதப்பது மாதிரி இருக்கும், என்னென்னவோ தோன்றும், பயப்பட வேண்டாம் என்றாள்.

அவன் பயம் வேறு. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வேலை முடிந்தும் கிரேன் கேபினைவிட்டு இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தான். அங்கே உட்கார்ந்து என்ன நினைத்தான் என்பது டாக்டருக்குத் தெரியும், கம்ஷாத்துக்குத் தெரியாது. அன்றோடு கிரேன் வேலையை விட வைத்தாள் டாக்டர். அவளுக்கும் தெரியாத ஒன்று அவனிடம் இருந்தது. இந்த மருந்தும் கைவிட்டால் இனி எதையும் முயல்வதில்லை என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தான். நாள் நெருங்க நெருங்க அந்த முடிவு அவனுக்கு ஆறுதலாகவே இருந்தது, பாவி.

கம்ஷாத்துக்கு நெடுந்தூர ரயிலில் வேலை. அந்த வாரம் முறையை மாற்றிக்கொள்ள எவளும் முன்வரவில்லை. வேறு வழியில்லாமல் கிராமத்திலிருந்து அவனுடைய அண்ணன் ஜுமாதிலை வரச் சொன்னாள். சபரை வளர்த்தவர் அவர்தான். அவரிடமும் அதே கதைதான். முதுகு வலி, விட்டமின் டிரிப்ஸ், கார் ஓட்ட ஆள் வேண்டும், அவ்வளவே. பட்டினி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. விட்டமினுக்கு எதற்குப் பட்டினி என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

குளிர்காலத்துக்காக அறுத்த குதிரையின் இறைச்சியில் தம்பியின் பங்கைத் தூக்கிக்கொண்டு முந்தின நாள் மாலையே வந்து சேர்ந்தார் ஜுமாதில். கதவைத் திறந்த தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றான் சபர். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, சமையலறைக்குப் போய்விட்டார்.

விடிந்து சபர் எழுந்து வந்தபோது வீடே குதிரை இறைச்சி வாசனையில் மணத்தது. தட்டு நிறைய இறைச்சியை வேகவைத்து அரிந்து வைத்து, பால் விட்ட டீயோடு உட்கார்ந்திருந்தார் அண்ணன். எனக்கு வேண்டாம், பசிக்கவில்லை என்றான் சபர். வெறும் வயிற்றோடு ஊசிக்குப் போகிற முட்டாளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அவர். வந்த பிறகு சாப்பிடுகிறேன் என்று மழுப்பினான். அவர் வாதாடவில்லை. கொழுப்பும் சதையுமாக ஒரு பிடி அள்ளி அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

பெரியவர் கையால் ஊட்டுகிற இறைச்சியை வேண்டாமென்று தள்ளியவன் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. கல்யாண வீட்டில், துக்க வீட்டில், எங்கே ஆனாலும் அந்தக் கை நீண்டால் வாய் தானாகத் திறக்கும். தாடியெல்லாம் நரைத்தவர்கள்கூடத் தங்களைவிட மூத்தவர் முன்னால் குழந்தை மாதிரி ஆ காட்டுவார்கள். சபரும் திறந்தான். மென்றான், விழுங்கினான். விழுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அதற்குள் அடுத்த பிடி வந்துவிட்டது. இனி என்ன இருக்கிறது என்று அதையும் வாங்கிக்கொண்டான்.

அண்ணன் காரை ஓட்ட, ஆஸ்பத்திரி வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தான். சாப்பிடவில்லை என்று பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு. அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்டதும் அண்ணன் முந்திக்கொண்டு, இப்போதுதான், நல்ல கொழுத்த இறைச்சி, என் கையாலேயே ஊட்டினேன் என்றார் பெருமையாக. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். நடுவில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து, இப்போது ஏற்ற முடியாது என்றாள்.

"ஒரு விட்டமின் தண்ணிக்கு இவ்வளவு பந்தாவாம்மா?" என்றார் ஜுமாதில்.

நர்ஸ் சபரைப் பார்த்தாள். அவனுக்கோ உள்ளே ஏதோ லேசானது. சரி, தீர்ந்தது, வீட்டுக்குப் போய்விடலாம், இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தவறு தன்னுடையதும் இல்லை. அந்த நிம்மதி எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைக் கண்டுதான் அவன் நடுங்கிப்போனான். அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, முதுகு இல்ல. எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல. இந்த மருந்தும் இல்லேன்னா அவ்வளவுதான்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

நர்ஸ் அவனை உட்காரவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ரௌஷன் வந்து அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நெடுநேரம் மெதுவான குரலில் விசாரித்தாள். இதுதான் கடைசி மருந்து என்று உனக்கு யார் சொன்னது, இதற்குப் பிறகும் என்னிடம் வழிகள் இருக்கின்றன என்றாள். இன்று உன்னை இங்கிருந்து அனுப்பப்போவதில்லை, சாயங்காலம்வரை வாயில் எதுவும் படாமல் இரு, கடைசி ஆளாக உனக்கு ஏற்றுகிறேன் என்றாள். ஜுமாதில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் போனபிறகு இருவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சபரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தான், அழுவாரோ என்றும் பயந்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே விழுகிற பனியைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்பா எப்படிச் செத்தாரு?"

"குதிரையிலேர்ந்து விழுந்து. நீங்கதானே சொன்னீங்க?"

"குதிரை அன்னிக்கு லாயத்துலதான்டா நின்னுச்சு. ஊருக்கு ஏதாவது சொல்லணும்ல, சொன்னோம். உனக்கும் அதையே சொல்லிட்டேன்."

அப்பா சாகும்போது சபருக்கு நினைவு தெரியாத வயசு. அவரைப் பற்றி அவனிடம் இருந்ததே அந்தக் குதிரை ஒன்றுதான்.

"கடைசி நாள்ல அவர் சாப்பிடறதையே விட்டுட்டாரு," என்றார் ஜுமாதில். "பெத்தவருக்குப் புள்ள ஊட்டறது எங்க உண்டு? ஆனாலும் நான் கறிய அள்ளிக்கிட்டுப் போனேன். வாயத் தொறக்கவே இல்லடா. பல்லக் கடிச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. நேத்து நீ கதவத் தொறந்தியே, அதே முகம். முதுகு வலியாம். ராத்திரி பூரா நான் கண்ண மூடல. காலைல பயந்துக்கிட்டேதான் கைய நீட்டினேன். நீ தொறந்துட்ட."

அந்த இரண்டு பிடியையும் எப்படி வாங்கினோம் என்று நினைத்ததும் சபருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக அழக்கூட வராமல் மரத்துக் கிடந்தவன், நோயாளிகள் போய் வருகிற இடத்தில், அண்ணன் தோளில் சாய்ந்து அழுதான். அவர் அவனைத் தேற்றவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மத்தியானம் யாரோ டீ கொண்டுவந்தார்கள். ஜுமாதில் கையை அசைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நீங்களாவது குடிங்கண்ணே என்று சபர் சொல்லியும் கேட்கவில்லை.

வெளியே இருட்டத் தொடங்கியபோது நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று மறுபடியும் கேட்டாள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தம்பியே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"காலைல," என்றான் சபர். "எங்க அண்ணன் கையால."

இடது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனான்.